இறந்த இடம்: வீடு

மியூரியல் கார்பட் முப்பத்தோரு வருஷம் எங்கள் ஸ்கார்த்விக் ஊரில் தபால் கொடுத்தாள். மழையானாலும் கடல்காற்றானாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவாள். நாய்க்கடி மட்டும் நாலு முறை. எவன் எவளுக்கு எழுதுகிறான் என்பது உறையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அதற்காக அவளை யாராவது மெச்சினார்களா என்றால் அதுதான் இல்லை. சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இருக்கும்வரை அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், அவர் போன பிறகு அவர் வீட்டைத் துடைத்துப் பெருக்கிக்கொண்டு கிடந்தாள்.

அப்பா என்றால் சாதாரண ஆளில்லை, சார்ஜென்ட் எட்வின் கார்பட். முதல் உலக யுத்தத்தில் பிரான்சுக்குப் போய் மெடலோடு திரும்பியவர். தேவாலயத்துக்கு முன்னால் நிற்கிற கற்சிலுவையில் யுத்தத்தில் செத்த நம் ஊர்ப் பையன்கள் இருபத்தேழு பேரின் பெயர் வெட்டியிருக்கிறது. வருஷா வருஷம் நவம்பரில் அவர்களை நினைக்கிற ஞாயிற்றுக்கிழமை அந்த இருபத்தேழையும் காகிதம் பார்க்காமல், கணீரென்று, நாற்பத்தாறு வருஷம் வாசித்தவர் அவர். கேட்கிற கிழவிகளுக்கு மயிர்க்கூச்செறியும். அவர் செத்ததும் அந்த வேலை மியூரியலிடம் வந்தது. ஊர் அவளை மனுஷியாக மதித்தது வருஷத்தில் அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. டீ குடிக்கமாட்டார். யார்க்‌ஷயரில் பிறந்து டீ குடிக்காத மனுஷனை நீங்கள் கண்டதுண்டா? வீட்டில் டீ போடும் வாசனை வந்தாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். "வயித்துக்கு ஆகாது" என்பார். மியூரியலும் நாற்பத்து மூன்று வருஷம் அதை நம்பினாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் நவம்பரில், பெயர் வாசிப்பு முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், எப்சி லெக்கன்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எப்சிக்கு எண்பத்தெட்டு வயசு. எப்சிபா என்று ஞானஸ்நானப் பெயர். ஒவ்வொரு வருஷமும் வருவாள், ஆனால் சிலுவைக்குக் கிட்டே வரமாட்டாள். மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அவளுடைய அண்ணன் ஆமோஸும் அந்த யுத்தத்தில்தான் செத்தான், ஆனால் கல்லில் அவன் பெயர் கிடையாது. ஓடிப்போனவன், பட்டாளத்தை விட்டு வீட்டுக்கு ஓடிவருகிற வழியில் சுட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. குழந்தைகூட அதைச் சொல்லும்.

"நல்லா வாசிக்கிறடி. உங்கப்பன் மாதிரியே. அவன் நிறுத்துற எடத்துலதான் நீயும் நிறுத்துற."

"என்ன அத்தை வேணும் உங்களுக்கு? குளிருது, சீக்கிரம் சொல்லுங்க."

"ரிட்டயர் ஆயிட்டல்ல? சும்மாதான குந்தியிருக்க? எங்கண்ணன் எப்படிச் செத்தான்னு தேடிக் கண்டுபிடி. கண்டுபிடிச்சு, அந்தக் கல்லுல அவன் பேரப் போடு. நான் கண்ண மூடுறதுக்குள்ள."

"நானா? பள்ளிக்கூட வாத்தியார் இருக்காரே, அவருக்கு இதெல்லாம் அத்துப்படி."

"வாத்தியார யாரு கேட்டா? உன்னத்தான் கேக்கறேன்."

கிழவியின் பிடி இரும்பாக இருந்தது. சரி என்று சொன்னால்தான் விடுவாள் போலிருந்தது. சொன்னாள்.

ஊராட்சித் தலைவர் ரேமண்ட் டக்கிள்பியைப் போய்ப் பார்த்தாள். அவர் பன்றிப் பண்ணைக்காரர், எதையும் தள்ளிப்போடுவதில் கெட்டிக்காரர். "அடுத்த வருஷம் கல்லைச் சுத்தம் பண்ணி எழுத்தையெல்லாம் புதுசா வெட்டப்போறோம் மியூரியல். ஓடிப்போனவன் இல்லைன்னு காகிதம் கொண்டா, பேரைச் சேத்துடலாம். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?" என்றார். காகிதம் எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியம்.

எழுபது வருஷத்துக்கு முந்தின விஷயம். ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதினாள். சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி நாற்பதாம் வருஷத்துக் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. கூடவே ஒரு அட்டையின் நகல் அனுப்பியிருந்தார்கள். பெயர், எண், தேதி: 1915 அக்டோபர் 9. இறந்த இடம்: வீடு.

வீடா? இவன் வீட்டில் சாகவில்லையே! மியூரியல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேவாலயத்துப் பின்னறை அலமாரியில், சிலுவை வைத்த கமிட்டியின் பழைய நிகழ்ச்சிப் புத்தகம் இருக்கிறது என்று பாதிரியார் சொன்னார். பூஞ்சணம் பிடித்த அந்தப் புத்தகத்தில் 1921 மார்ச் மாதக் கூட்டம் இப்படி எழுதியிருந்தது: "ஆ. லெக்கன்பி. ராணுவப் பட்டியலில் 'வீடு' என்று கண்டிருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் இறந்தவர் என்று தெரிவதால் பெயர் சேர்க்கத் தேவையில்லை என ஏகமனதாக முடிவாயிற்று."

அங்கேயே நின்று வாய்விட்டுத் திட்டினாள். "மடசாம்பிராணிகளா!" என்று கத்தியது வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டதாம். பின்னே என்ன? ராணுவப் பாஷையில் 'வீடு' என்றால் இந்த நாடு. பிரான்சில் செத்தால் பிரான்ஸ், துருக்கியில் செத்தால் துருக்கி, இங்கே இங்கிலாந்து மண்ணில் எங்கே செத்தாலும் 'வீடு'. பட்டாளத்தில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூட இது தெரியும். கமிட்டியில் இருந்தது யார்? பாதிரியார், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், மாவுமில்காரர், பெரிய வீட்டுச் சீமாட்டி. ஒருவரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கடைசிப் பெயரையும் பார்த்தாள். சார்ஜென்ட் எ. கார்பட்.

அப்பா அன்றைக்குச் சரியாகக் கேட்டிருக்கமாட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். குண்டு வெடித்து வலது காது மந்தம் அவருக்கு. பாவம், என்ன பேசினார்களோ என்னவோ.

மார்ச் மாதம் நகரத்து ஆவணக் கிடங்குக்குப் போனாள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் வழி சொன்னாள். "உள்நாட்டுல செத்திருந்தா மரண விசாரணை நடந்திருக்கும் மேடம். பிரான்ஸ்ல செத்தவங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. எந்த ஊர்ல அவங்க பட்டாளம் இருந்துச்சோ அந்த ஊர்ப் பேப்பரப் பாருங்க." ஆமோஸின் பட்டாளம் அந்த இலையுதிர் காலத்தில் கடற்கரையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. நம் ஊரிலிருந்து பன்னிரண்டே மைல். ஜெர்மன்காரன் படகில் வந்து இறங்கிவிடுவான் என்று அப்போது எல்லோருக்கும் கிலி.

பழைய பேப்பரையெல்லாம் படம் பிடித்துச் சுருளாக வைத்திருந்தார்கள், கருவியில் மாட்டிப் பார்க்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற 1915 ஓடியது. அக்டோபர் பதினைந்தாம் தேதி, மூன்றாம் பக்கம், குதிரை ஏல விளம்பரத்துக்குக் கீழே. 'சிப்பாயின் பரிதாப மரணம்.'

கார்ப்பரல் சொன்ன சாட்சி: காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். கடலிலிருந்து மூடுபனி இறங்கி எதிரில் இருப்பது தெரியவில்லை. பாலத்தில் காவல் நிற்பவனுக்கு டீ கொண்டுபோகச் சொல்லி லெக்கன்பியை நான்தான் அனுப்பினேன். நல்ல பையன். பேச்சு மட்டும் திக்கும், முக்கியமாக அவசரத்தில். பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

காவல்காரன் சொன்ன சாட்சி: காலடிச் சத்தம் கேட்டது. யார் அங்கே என்று மூன்று முறை கேட்டேன். 'ஃப்ரெண்டு' என்று பதில் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். 'ஃப்... ஃப்...' என்று மட்டும் சத்தம் வந்தது. மனுஷன் பேசுகிற மாதிரி இல்லை. சுட்டேன்.

ஜூரர் ஒருவர்: "இறந்தவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு."

"திக்குவாய் என்று தெரியுமா?"

சாட்சி பதில் சொல்லவில்லை. விசாரணை அதிகாரி, அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

தீர்ப்பு: கடமையைச் செய்கையில் நேர்ந்தது, யார் மேலும் குற்றமில்லை. அந்த இளைஞருக்கு ஜூரிகள் தங்கள் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டார்கள். எந்த இளைஞர்? செத்தவனில்லை. சுட்டவர். சிப்பாய் எட்வின் கார்பட், ஸ்கார்த்விக்.

மியூரியல் கைப்பிடியைச் சுற்றி அடுத்த பக்கத்துக்குப் போனாள், பிறகு திரும்பி வந்தாள். பெயர் மாறவில்லை. பக்கத்து மேஜையில் யாரோ பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார்கள், அந்த வாசனை வந்தது. நாற்பத்து மூன்று வருஷம் தோட்டத்தில் முதுகைக் காட்டி நின்ற மனுஷனை நினைத்தாள். "வயித்துக்கு ஆகாதாம்!" என்று சொல்லிச் சிரித்தாளாம், கண்ணாடிப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏதோ கை பதறிச் சுட்டுவிட்டார், இருபத்தோரு வயசுப் பையன், பனிமூட்டம். அதை அவள் மன்னித்துவிட்டாள், பஸ் ஏறுவதற்குள் மன்னித்துவிட்டாள். ஆறாதது அந்த 1921 மார்ச் மாதக் கூட்டம்தான். 'வீடு' என்றால் என்ன என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவர். வீட்டுக்கு ஓடினவன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் போட, இவர் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பொய் சொல்லவில்லை மனுஷன். அதுகூடச் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுவந்து கொடுத்தவனை ஓடுகாலி ஆக்க அது போதுமாக இருந்தது. அதற்கப்புறம் நாற்பத்தாறு வருஷம் மற்ற இருபத்தேழு பெயரையும் ஊர் அழ அழ வாசித்தாரே, அதை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரிந்து என்ன செய்தாள்? அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வந்திருந்தாள், அதை மடித்துப் பியானோவுக்கு முன்னால் கிடந்த பெட்டி இருக்கைக்குள் போட்டுப் பூட்டினாள். எப்சியின் வீட்டுக்குப் போனாள்.

"ஒண்ணும் கெடைக்கல அத்தை. எல்லாம் எரிஞ்சுபோச்சாம்."

எப்சி ரொட்டிக்குப் பன்றிக்கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "ஒண்ணுமே இல்லயா?"

"இல்ல."

"சரி. கதவச் சாத்திட்டுப் போ."

அதற்கப்புறம் எப்சி அவளோடு பேசவில்லை. கடையில் எதிரே பார்த்தால் முட்டைகளை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொள்வாள். ஏப்ரல் போயிற்று, கோடை போயிற்று. கல்வெட்டுகிறவன் வந்து சாரம் கட்டினான். மியூரியலுக்குத் தூக்கம் கெட்டது, வாய் இன்னும் நாறியது. பால்காரனைத் திட்டினாள், பாதிரியாரைத் திட்டினாள். ஹாலில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை ஒரு நாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், மறுநாள் நேராக வைத்தாள். அப்பாவும் இப்படித்தானே ஆரம்பித்திருப்பார், இன்றைக்கு வேண்டாம் நாளைக்குச் சொல்லலாம் என்று? அந்த எண்ணம் வந்தபோது அக்டோபர் பாதி முடிந்திருந்தது. எப்சிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்று கேள்விப்பட்டாள். நகலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கிழவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மியூரியல் நின்றுகொண்டே முழுவதும் வாசித்தாள், பெயர், ஊர் எல்லாம் சேர்த்து. நடுவில் ஓரிடத்தில்கூட நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, "சுட்டது எங்கப்பா" என்றாள்.

"தெரியும்."

"என்னது?"

"தெரியும்டி. அந்த விசாரணையில ரெண்டாவது பெஞ்சுல எங்கம்மா உக்காந்திருந்தா. பன்னண்டு மைல் நடந்து போனா. டீப் பாத்திரத்த அவ கையிலதான் குடுத்தாங்க, ஓட்டையோட."

மியூரியல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் யாரும் ஊர்ல சொல்லல?"

"சொல்லலயா? கல்லுல பேரு கெடையாதுன்னதும் ரெண்டு வருஷம் வீடு வீடாப் போய்ச் சொன்னா. துணி வெளுக்குறவ பேச்ச எவன் கேப்பான்? மெடல் குத்தினவன் வாயே தெறக்காம நிக்கறப்போ? பிள்ள போன துக்கத்துல பேதலிச்சுட்டான்னாங்க. உங்கப்பன்கிட்டயே போய்க் கேட்டா. 'நீயாவது சொல்லுடா எட்வின்'னு. அவன் தொப்பியக் கையில வச்சிக்கிட்டு அழுதான். அழுதுட்டுப் போயிட்டான். அழறதுக்கு என்ன, யாரும் அழலாம்."

"தெரிஞ்சுக்கிட்டே என்ன எதுக்குத் தேடச் சொன்னீங்க? இந்தக் குளிர்ல, பஸ்ல, என்ன அலையவிட்டு..."

"வாத்தியாரா இருந்தா ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பான். அவன் சொல்லி எனக்கென்ன ஆகணும்? ஒரு கார்பட் வாயால அது வரணும். வருமா வராதான்னு பாத்தேன். உனக்கு ஏழு மாசம் ஆச்சு." இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பனுக்கு அம்பத்திரண்டு வருஷம் இருந்துச்சு. இப்ப பேரப் போடு, போ."

மியூரியல் மறுநாளே நகலை ஊராட்சிக் கூட்டத்தில் மேஜைமேல் போட்டாள். ஏழு பேர் மாற்றி மாற்றிப் படித்தார்கள். டக்கிள்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"மியூரியல், இது உங்கப்பா பேரு."

"எனக்குப் படிக்கத் தெரியும் ரேமண்ட்."

"சார்ஜென்ட் கார்பட்ட இந்த ஊரு எப்படி மதிக்குதுன்னு உனக்கே தெரியும். நடந்தது நடந்துபோச்சு. இப்பக் கிளறி யாருக்கு என்ன புண்ணியம்? அதோட கல்லுல எடமும் இல்லயே."

"எடமில்லயா? கீழ ஒரு சாண் காலியாக் கெடக்கு. நான் அளந்துட்டுத்தான் வர்றேன்."

"அது அழகுக்கு விட்டது."

கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். இதில் அவமானம் என்னவென்றால், ஐந்து பேரும் அவள் நன்மைக்காகத்தான் தூக்கினார்களாம். வெளியே வரும்போது ஒருத்தர் தோளைத் தட்டி, "உன்னைக் காப்பாத்திட்டோம்" என்றார். விஷயம் அந்த அறையைத் தாண்டவில்லை.

நவம்பர் ஞாயிறு வந்தது. வெள்ளை வெளேரென்று சுத்தம் செய்த சிலுவை, செத்தவர்கள் நினைவாகச் சிவப்புக் காகிதப்பூ குத்திய கோட்டுகள், நகரத்திலிருந்து வந்த பித்தளை வாத்தியக்குழு. எப்சி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். இந்த முறை மதிலுக்கு வெளியே நிற்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதல் வரிசைக்கே வந்து நின்றாள்.

இரண்டு நிமிஷ மௌனம் முடிந்தது. மியூரியல் படியேறி வாசித்தாள். இங்கிலீஷ் அகர வரிசையில் கிட்சிங் முடிந்து மார்வுட் வரவேண்டிய இடம். "ஆமோஸ் லெக்கன்பி" என்றாள். டக்கிள்பியின் கழுத்து சிவந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. ஊருக்குப் பெயர் காதில் விழுந்தது, அவ்வளவுதான். மீதியையும் வாசித்து இறங்கினாள்.

கசாப்புக்கடைக்காரர் பெண்டாட்டி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "எவ்வளவு பெரிய மனசு மியூரியல் உனக்கு! ஓடிப்போனவன் பேரையும் சேத்து வாசிச்சியே. அப்படியே உங்கப்பா குணம்." சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மியூரியல் கையை விடுவித்துக்கொண்டாள். "ஓடிப்போகல" என்றாள். "எங்கப்பாதான் அவர சுட்டது." பாதி குரல்தான் வந்தது.

"என்ன கண்ணு சொன்ன?" என்றாள் அவள்.

"ஷ்... வாத்தியம் ஆரம்பிக்கப் போறாங்க" என்றார் டக்கிள்பி.

எப்சி கைத்தடியால் கல்தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்குக் கேக்கலடி. பேரு வாசிக்கிற குரல்ல சொல்லு."

மியூரியல் மறுபடியும் படியேறினாள். "ஆமோஸ் லெக்கன்பி ஓடவில்லை" என்று அப்பாவின் அதே கணீர்க் குரலில் ஆரம்பித்தாள். "காவல் நின்ற சிநேகிதனுக்கு டீ கொண்டு போனார். சிநேகிதன் சுட்டான். சுட்டவர் என் அப்பா எட்வின் கார்பட். ஆமோஸுக்கு வாய் திக்கும் என்று அவருக்குத் தெரியும். ஓடிப்போனவன் என்று நீங்கள் எழுதியபோதும் தெரியும்..."

டக்கிள்பி வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். தாரைகள் முழங்கின, பெரிய மத்தளம் அடித்தது. அவள் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். பின்னால் நின்றவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

எப்சி கடைசி வார்த்தைவரை கேட்டாள். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மியூரியலும் எதிர்பார்க்கவில்லை. பிப்ரவரியில் கிழவி போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த நவம்பரில் மியூரியலை யாரும் கூப்பிடவில்லை. டக்கிள்பியே காகிதத்தைப் பார்த்து வாசித்தார். இருபத்தேழு பெயர்.